எழுத்தாளரை எந்த வேலைக்கு எடுக்குறீங்க?

"எழுத்தாளர் நேர்முகத் தேர்வு". போன வாரம் ஒரு எக்செல் ஷீட்டுல இதைப் பார்த்துட்டு காபியை அப்படியே வெச்சுட்டேன். பெங்களூர் பெல்லந்தூர்ல உட்கார்ந்து ஒரு ஆடியோ ஆப்புக்கு தமிழ் சரிபார்க்கிற பொழப்பு என்னோடது. ரேடியோல எழுத்தாளரையும் விமர்சகரையும் கூப்பிட்டு புத்தகம், சினிமா, நாடகம் பத்தி பேச வைக்கிற நிகழ்ச்சிங்க ஒரு வரிசையா இருக்கு, அதுக்கு இங்கிலீஷ்ல ஆதர் இன்டர்வ்யூஸ்னு தலைப்பு, கீழ புக்ஸ், ஃபிலிம், தியேட்டர். தமிழ்ல வந்தது நேர்முகத் தேர்வு, கீழ புத்தகங்கள், திரைப்படம், திரையரங்கம். நாடகம் எங்கப்பா போச்சுன்னு கேட்டா "தியேட்டர்னா திரையரங்கம்தானே அக்கா"ங்கிறான் மொழிபெயர்த்த தம்பி. அவனைச் சொல்லி குத்தமில்ல, இந்த ஊர்ல இன்டர்வ்யூன்னாலே எச்ஆர் முன்னாடி டை கட்டி உட்கார்றதுதான் ஞாபகம் வரும்.

சரி, சொல்லுக்கு வருவோம். இன்டர்வ்யூ பிரெஞ்சுல ஆந்த்ரவூன்னு இருந்தது, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறதுன்னு அர்த்தம். 16ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்கு வந்தப்ப ராஜாக்களும் பெரிய மனுஷங்களும் முறைப்படி சந்திக்கிறதுக்குத்தான் பேரு. பத்திரிகைக்காரன் நோட்டைத் தூக்கிட்டுப் போற அர்த்தமெல்லாம் 19ஆம் நூற்றாண்டுலதான் ஒட்டிக்கிச்சு. அவ்ளோதான்.

நம்ம ஆளுங்க இதை தமிழாக்கும்போது வ்யூவைப் பார்த்ததும் காணலைப் போட்டு நேர்காணல்னு ஆக்கிட்டாங்க, கூடவே நேர்முகம்னு இன்னொண்ணு. இந்த ரெண்டும் ரேடியோவுக்கு ஒட்டவே ஒட்டாதுங்கிறதுதான் என் கட்சி. அமெரிக்காவுல ஃப்ரெஷ் ஏர்னு ஒரு ரேடியோ நிகழ்ச்சி, பிலடெல்ஃபியாலேருந்து வருது, டெரி க்ரோஸ்ங்கிற அம்மா 1975லேருந்து எழுத்தாளர், டைரக்டர், நடிகர்னு கூப்பிட்டுப் பேசிட்டிருக்காங்க. முக்காவாசி விருந்தாளிங்க வேற ஊர் ஸ்டுடியோல உட்கார்ந்திருப்பாங்க, இந்தம்மா இங்க ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு குரலை மட்டும் கேட்டே அவ்ளோ அந்தரங்கமா பேச வெச்சிடுவாங்க. இதுல நேர் எங்க, முகம் எங்க, காணல் எங்க? கேக்குற நமக்கும் முகம் தெரியாது, கேள்வி கேக்குற அவங்களுக்கும் தெரியாது.

அதை விடுங்க, சொல்லு வந்த வழியைத் தாண்டி அர்த்தம் மாறலாம், ஒத்துக்கிறேன். சிறுபத்திரிகைங்கள்ல 20 பக்கத்துக்கு வர்ற நேர்காணலை நானும்தான் விழுந்து விழுந்து படிச்சிருக்கேன். ஆனா இன்னைக்கு நேர்காணல்னா என்ன? எலெக்‌ஷன் வந்தா கட்சி ஆபீஸ்ல விருப்ப மனு குடுத்தவங்களை வரிசையா கூப்பிட்டு எவ்ளோ செலவு பண்ணுவேன்னு கேக்குறாங்களே, அதுக்கு நியூஸ்ல நேர்காணல். டிஎன்பிஎஸ்சிக்கு நேர்முகத் தேர்வு. ரெண்டுலயும் ஒருத்தர் மேல, ஒருத்தர் கைகட்டிக்கிட்டு கீழ. வாழ்நாள் பூரா எழுதின ஒரு மனுஷனை கூப்பிட்டு அந்த நாற்காலில உட்கார வைக்கிறதா?

பேட்டி இருக்கேம்பீங்க. நல்ல சொல்லு, எனக்கு சண்டை இல்ல. வடக்கேருந்து வந்ததுன்னு தனித்தமிழ்க்காரங்க முறைப்பாங்க, வந்ததுதான், இந்தி ரேடியோல இன்னைக்கும் பேண்ட்வார்த்தாதான். சிக்கல் என்னன்னா இங்க நான் "இன்னைக்கு ஒரு பேட்டி"ன்னு சொன்னா பக்கத்து சீட்டு கன்னடத்துக்காரம்மா யாரைப் பார்க்கப் போறேன்னு கேப்பாங்க, கன்னடத்துல பேட்டின்னா போய்ப் பார்க்கிறது, இன்டர்வ்யூவுக்கு அவங்க சொல்றது சந்தர்ஷன.

இப்ப என் சொல்லு. செவ்வி. ஈழத்தமிழர் கிட்ட கேளுங்க, எழுத்தாளர் செவ்வி வழங்கினார்னு சாதாரணமா சொல்வாங்க. நம்ம மொழிபெயர்ப்பாளருங்க இங்கிலீஷ் டிக்‌ஷனரியை நாலு தடவை புரட்டுவாங்களே தவிர கடலுக்கு அந்தாண்ட தமிழன் என்ன சொல்றான்னு ஒரு தடவை எட்டிப் பார்க்க மாட்டாங்க. செவ்வின்னா பக்குவமான சமயம், அழகு, அதோட ஒருத்தரைப் பார்க்கக் கிடைக்கிற வாய்ப்பு. குறள் 565, "அருஞ்செவ்வி இன்னா முகத்தான் பெருஞ்செல்வம் பேஎய்கண் டன்னது உடைத்து". பார்க்க வர்றவங்களுக்கு லேசுல கிடைக்காம, கிடைச்சாலும் மூஞ்சியைக் கடுகடுன்னு வெச்சிருக்கிற ராஜாவோட செல்வம் பேய் காக்கிற சொத்து மாதிரிங்கிறார். ராஜாவைப் பார்க்கிறதுலேருந்துதான் இங்கிலீஷ் சொல்லும் கிளம்புச்சு, நம்மளதும் அங்கேயே நின்னுட்டிருந்திருக்கு, இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும்? (அருஞ்செவ்விக்கு உதாரணம் வேணும்னா நம்ம அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலையே இருக்கு, 18 வருஷம் மூடி வெச்சு 2009லதான் முகத்தைக் காட்டினாங்க.)

செவின்னா காது, அதுலேருந்து வந்த சொல்லுன்னு சிலர் நினைப்பாங்க. இல்ல, செம்மைலேருந்து வந்தது. ஆனா ரேடியோவுக்கு அப்படி நினைச்சுக்கிட்டாலும் நஷ்டமில்ல, ஞாபகம் நிக்கும்.

இன்னொரு எரிச்சலையும் கொட்டிடுறேன். இலக்கிய விழா நோட்டீஸ்ல இன்னாருடன் உரையாடலில் இன்னார்னு போடுறாங்களே, அது எந்த ஊர் தமிழ்? ரெண்டு பேரும் பேசுறாங்கன்னு போட்டா குறைஞ்சா போயிடும்?

ஷீட்டுல "எழுத்தாளர் செவ்விகள்"னு மாத்தி, திரையரங்கத்தை அடிச்சு நாடகம்னு போட்டு அனுப்பினேன். சாயங்காலம் திரும்பி வந்துச்சு. நாடகத்தை விட்டு வெச்சிருக்காங்க. செவ்விகள்ல ஒரு வ் அதிகமா இருக்குன்னு யாரோ எடுத்துட்டாங்க, "எழுத்தாளர் செவிகள்".