பெர்சப்போலிஸ் கல்லுக்குள்ள ஒரு உடுக்கை

போன வாரம் ஒரு தம்பி ஈரான்ல இருக்கற பழைய பாரசீக ராஜாக்களோட அரண்மனை பெர்சப்போலிஸ், அதோட போட்டோ ஒண்ணு அனுப்பி ரெண்டு கேள்வி கேட்டாரு. சுவரே இல்லாம வாசக்காலும் ஜன்னலும் மட்டும் எப்படிண்ணே தனித்தனியா நிக்குது, இது முதல் கேள்வி. சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, அடிக்கடி பூமி குலுங்குற ஈரான்ல 2,500 வருஷம் இந்தக் கல்லெல்லாம் எப்படிண்ணே பிடிச்சு நின்னுச்சு, இது ரெண்டாவது. முதல் கேள்விக்கு சட்டுனு பதில் சொல்லிடலாம், ரெண்டாவதுக்கு கொஞ்சம் உக்காந்து பேசணும், ஏன்னா அதுக்குள்ள எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு உலோகம் இருக்கு.

முதல்ல ஊர். ஷிராஸ்லேர்ந்து வடகிழக்கா சுமார் 60 கிலோமீட்டர், மர்வ்தஷ்த் சமவெளியோட ஓரத்துல கூஹ்-இ-ரஹ்மத்னு ஒரு மலை, அதோட அடிவாரம். கிமு 518 வாக்குல பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸ் அங்க ஒரு பக்கம் பாறைய வெட்டி இன்னொரு பக்கம் பள்ளத்த நிரப்பி சுமார் 1,25,000 சதுர மீட்டருக்கு ஒரு மேடை போட ஆரம்பிச்சாரு, மகன் செர்க்சஸ், பேரன் முதலாம் அர்தசெர்க்சஸ்னு மேல மேல கட்டிக்கிட்டே போனாங்க, கிமு 330-ல அலெக்சாண்டர் படை வந்து எரிச்சுது. இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சதுதான். அபதானாங்கற பெரிய சபை மண்டபத்துல மட்டும் 72 தூண், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 20 மீட்டர் உயரம். 1621-ல அங்க போன இத்தாலிக்காரர் பியெத்ரோ தெல்லா வாலே 25 தூண் நிக்கறதப் பாத்திருக்காரு. இன்னிக்கு 13.

சரி, சுவர் எங்க போச்சு? கரைஞ்சு போச்சு. பெர்சப்போலிஸ் முழுக்கக் கல் கட்டடம்னு போட்டோவப் பாத்தா தோணும், ஆனா சுவரெல்லாம் வெயில்ல காய வெச்ச பச்சை மண் செங்கல், அதுவும் நல்ல கனமான சுவரு. வாசக்கால், ஜன்னல், படிக்கட்டு, தூண் இதுக்கு மட்டும்தான் கல்லு. கூரைக்கு மரம். மரம் எரிஞ்சு கூரை போனதும் மண்சுவர் மழையில நனைஞ்சு நனைஞ்சு மண்ணோட மண்ணாயிடுச்சு, நடுவுல இருந்த கல்லு மட்டும் நிக்குது. அவ்ளோதான் விஷயம்.

இப்ப ரெண்டாவது கேள்வி. ரெண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துல ஒரு சுண்ணாம்புக்கல் பாளம் இருந்தா அதோட எடை அஞ்சு டன்னுக்கு மேல. அத ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா எடையும் உராய்வுமே பாதி வேலைய செஞ்சிடும். ஆனா எடை கீழ்நோக்கித்தான் அழுத்தும். பக்கவாட்டுல ரெண்டு கல்லு மெதுவா விலகறத எடையால முழுசா தடுக்க முடியாது, பூகம்பத்தப்ப உராய்வும் கை விட்டுடும். விலகின இடுக்குல தண்ணி போகும், மண் போகும், செடி முளைக்கும், வேர் உள்ள இறங்கி இன்னும் விலக்கும். அரச மரம் முளைச்ச கோபுரத்தப் பாத்தவங்களுக்கு இத விளக்கவே வேண்டாம்.

அதனால கல்தச்சர்கள் ரெண்டு வேலை செஞ்சாங்க. முதல் வேலை, கல்லு கல்லோட ஒட்டுற முகத்த முழுசா மட்டம் பண்ண மாட்டாங்க, ஓரத்துல மட்டும் ஒரு பட்டை மாதிரி வழவழன்னு இழைச்சிட்டு நடுவுல கொஞ்சம் குழிவா, கரடுமுரடா விட்டுடுவாங்க. ஓரம் மட்டும்தான் தொடும். வெளியிலேர்ந்து பாத்தா முடி நுழைய இடமில்லாத மாதிரி தெரியும், ஆனா உள்ள நடு இடம் தொடவே இல்ல. கிரேக்கத்துல இதுக்குப் பேரு அனதைரோசிஸ், துரான்னா கதவு, அதுலேர்ந்து வந்த சொல்லு, ஏன்னா அந்தப் பட்டை பாக்க ஒரு வாசக்கால் மாதிரியே இருக்கும். உழைப்பு மிச்சம், ஒட்டும் சுத்தம்.

ரெண்டாவது வேலைதான் நான் சொல்ல வந்தது. பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு கல்லோட மேல்முகத்துல, ஒட்டுக்கு இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதின்னு உடுக்கை வடிவத்துல ஒரு குழி வெட்டுவாங்க. உடுக்கை எப்படி இருக்கும், ரெண்டு முனையும் அகலம், இடுப்பு ஒடுங்கி இருக்கும். அந்த இடுப்பு சரியா ஒட்டு மேல வரும். குழிக்குள்ள அதே வடிவத்துல ஒரு இரும்புத் துண்ட வெச்சு, சுத்தி இருக்கற இடுக்குல காரீயத்த உருக்கி ஊத்துவாங்க. கல்லு விலகப் பாத்தா அகலமான முனை ஒடுங்கின இடுப்பு வழியா வெளிய வர முடியாது, பூட்டு மாதிரி பிடிச்சுக்கும். அடுத்த வரிசைக் கல்லு மேல உக்காந்ததும் பூட்டு கண்ணுக்கே தெரியாது.

இரும்ப நேரா குழியில இறுக்கி அடிச்சா போதாதா, காரீயம் எதுக்கு? இங்கதான் ருசியே இருக்கு. ஈயம்னா நம்ம வீட்டுல ரசம் வைக்கற ஈயச்சொம்பு ஞாபகம் வரும், அது வெள்ளீயம், 232 டிகிரியில உருகும், அதான் தண்ணியில்லாம அடுப்புல வெச்சா சொம்பே காணாமப் போயிடும். இது காரீயம், வேற உலோகம், நஞ்சு, சமையலுக்கு ஆகாது, உருகறது 327 டிகிரியில. விறகு அடுப்புலயே உருக்கிடலாம். ஊத்தறப்போ குழி ஈரமா இருக்கக் கூடாது, ஒரு சொட்டு தண்ணி இருந்தாலும் ஆவியாகி காரீயத்த மூஞ்சில தெறிக்க வெச்சிடும். ஆறும்போது அது சுமார் 3 சதவீதம் சுருங்கும், அதனால ஆறினப்புறம் உளிய வெச்சு தட்டி இறுக்கணும். எங்க ஊர்ல வார்ப்பிரும்பு தண்ணிக் குழாய் ஜாயிண்ட்டுல சணல் திணிச்சு காரீயம் ஊத்தி, ஆறினதும் சுத்தி சுத்தி தட்டுவாங்க, சின்ன வயசுல ஸ்கூலுக்குப் போறதையும் மறந்துட்டு அதப் பாத்துக்கிட்டு நின்னிருக்கேன். அதே வேலை, அதே உலோகம்.

காரீயம் செய்யற முதல் உபகாரம் துருவத் தடுக்கறது. இரும்பு துருப்பிடிச்சா அந்தத் துரு பழைய இரும்ப விட ரெண்டு மடங்குக்கும் மேல இடம் கேக்கும், குழிக்குள்ள அவ்ளோ இடம் இல்ல, அதனால கல்லையே பிளந்துடும். நம்ம கான்கிரீட் தூண்ல கம்பி துருப்பிடிச்சு காரை பேந்து விழுதே, அதே கதை. காரீயம் இரும்பச் சுத்தி ஒரு உறை மாதிரி மூடி காத்தும் தண்ணியும் போகாம பாத்துக்கும். ஒரு சிக்கலும் உண்டு, இரும்பும் காரீயமும் ஈரத்துல ஒண்ணா இருந்தா மின்வேதியியல்படி கரையறது இரும்புதான், அதனால உறையில ஓட்டை விழுந்துச்சுன்னா நிலைமை இன்னும் மோசம். அதனால முழுசா மூடணும்.

காரீய உறை எவ்ளோ முக்கியம்ங்கறதுக்கு சாட்சி ஏதென்ஸ்ல இருக்கு. 1900-த்த ஒட்டின வருஷங்கள்ல நிகோலாஸ் பலானோஸ்ங்கற இன்ஜினியர் பார்த்தெனான் கோயிலப் பழுது பாத்தப்போ காரீய உறை இல்லாம வெறும் இரும்பு வெச்சு இணைச்சாரு. கொஞ்ச காலத்துலயே அது துருப்பிடிச்சு உப்பி பளிங்கையே வெடிக்க வெச்சிடுச்சு, பின்னாடி வந்தவங்க அதையெல்லாம் நோண்டி எடுத்துட்டு டைட்டானியம் போட வேண்டியதாச்சு. ஆனா 2,400 வருஷத்துக்கு முன்ன பழைய கிரேக்கத் தச்சர்கள் காரீயத்துல பொதிஞ்சு வெச்ச இரும்பு பல இடத்துல நல்லாவே இருந்துச்சு.

ரெண்டாவது உபகாரம் எனக்கு இன்னும் அழகாத் தெரியும். ஒரு செம்புக் கம்பிய இப்படியும் அப்படியும் வளைச்சுப் பாருங்க, கொஞ்சம் கொஞ்சமா விறைச்சுக்கிட்டு கடைசியில ஒடிஞ்சிடும். காரீயம் அப்படி விறைக்காது. ஏன்? அது உருகற 327 டிகிரிய கெல்வின்ல, அதாவது சூடே இல்லாத அடிமட்டப் பூஜ்யத்துலேர்ந்து எண்ணற அளவுல, சொன்னா 600. நம்ம அறை வெப்பநிலை 300 கெல்வின். அதாவது சும்மா மேசை மேல கிடக்கற காரீயம் தன்னோட உருகுநிலையில சரிபாதி சூட்டுல இருக்கு. இரும்ப அந்த நிலைக்குக் கொண்டுபோகணும்னா 630 டிகிரி வரைக்கும் சுட்டு, மங்கலா சிவக்க வைக்கணும். கொல்லன் உலையில சிவந்த இரும்பு எப்படி அடிக்கு வளைஞ்சு கொடுத்து உள்ள இருக்கற படிகங்களத் திரும்ப சரி பண்ணிக்குதோ, காரீயம் அத நம்ம கண்ணு முன்னாடி, கை வெச்சா ஜில்லுனு இருக்கறப்பவே செய்யுது. பூமி குலுங்கும்போது கல்லு ஒரு மயிரிழை நகர்ந்தா காரீயம் நசுங்கி அந்த ஆற்றல வாங்கிக்கிட்டு மறுபடி படிகத்த அடுக்கிக்கும், விரிசல் விடாது, உறையும் கிழியாது.

இத வெச்சே 1970-கள்ல நியூசிலாந்துல பில் ராபின்சன்ங்கற விஞ்ஞானி ரப்பர் அடுக்குக்கு நடுவுல ஒரு காரீயத் தண்டச் சொருகி, கட்டடத்துக்கு அடியில வைக்கற பூகம்பத் தாங்கி ஒண்ணு கண்டுபிடிச்சாரு. 1981 வாக்குல வெலிங்டன்ல வில்லியம் கிளேட்டன் கட்டடத்த அது மேலதான் கட்டினாங்க. டேரியஸோட தச்சருக்கு படிகமும் தெரியாது கெல்வினும் தெரியாது, ஆனா எந்த உலோகம் கல்லோட ஒத்துப்போகும்னு கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அந்தக் கைய நான் ரொம்ப மதிக்கறேன்.

அந்தக் கைகள் யாரோடதுன்னும் ஓரளவு தெரியும். சூசா நகரத்துல தான் கட்டின அரண்மனையப் பத்தி டேரியஸே கல்வெட்டுல எழுதி வெச்சிருக்காரு, கல் செதுக்கினவங்க அயோனியரும் சார்திஸ்காரங்களும்னு, அதாவது இன்னிக்கு துருக்கியோட மேற்குக் கரைப் பக்கத்து ஆளுங்க. பெர்சப்போலிஸ் பக்கத்துக் கல்குவாரியிலயும் பிதார்கோஸ்ங்கற பேரு கிரேக்க எழுத்துல கீறிக் கிடக்கு. கார்ல் நைலண்டர்ங்கற சுவீடன் ஆய்வாளர் உளித்தடத்தையும் இந்த இரும்புப் பூட்டுகளையும் ஒண்ணொண்ணாப் பாத்து, பல்லு வெச்ச உளியோட தடம் டேரியஸ் காலத்துக் கல்லுல இருக்கு, அதுக்கு முந்தின பாரசீக ராஜா சைரஸ் காலத்துக் கல்லுல இல்லன்னு பிரிச்சுக் காட்டினாரு. கூலிக் கணக்கு கூட கிடைச்சிருக்கு. 1933-ல எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்ட்ங்கற அகழாய்வாளர் பெர்சப்போலிஸ்ல தோண்டினப்போ கோட்டைச் சுவருக்குள்ளேர்ந்து ஆயிரக்கணக்குல களிமண் பலகை வந்துச்சு, பெரும்பாலும் ஏலமைட்ங்கற பழைய மொழி, யாருக்கு எவ்ளோ பார்லி, எவ்ளோ ஒயின்னு. பிள்ளை பெத்த பெண் தொழிலாளிக்கு தனியா பங்கு கொடுத்திருக்காங்க, ஆண் குழந்தைன்னா ரெண்டு மடங்கு. அந்த வரியப் படிச்சப்போ மனசு கனத்துப்போச்சு.

இவ்ளோ இருக்கும்போது வேற்றுகிரகவாசி வந்து கல்ல உருக்கி ஒட்டினாங்கன்னு வர்ற வீடியோவப் பாத்தா எனக்குக் கோவம் வருது. பழைய காலத்துல ஜனங்க பெர்சப்போலிஸ, கதையில வர்ற ஜம்ஷீத் ராஜாவோட சிம்மாசனம்னு சொன்னாங்க, பசர்கதேங்கற ஊர்ல இருக்கற சைரஸ் கல்லறைய சுலைமான் நபியோட தாயார் கல்லறைன்னு சொன்னாங்க, அவங்களுக்கு அந்தப் பழைய எழுத்தப் படிக்க வழியில்ல, அது குத்தமில்ல. நமக்கு வழி இருக்கு. பேரு தெரியாத தச்சனோட உழைப்ப விண்கலத்துக்குத் தாரை வாக்கறது அந்தத் தச்சனுக்கு செய்யற அநியாயம்.

இப்ப கவலைப்பட வேண்டிய விஷயம் தரைக்கு அடியில இருக்கு. மர்வ்தஷ்த் சமவெளியில விவசாயத்துக்கு நிலத்தடி நீர ரொம்ப உறிஞ்சிட்டதால களிமண் அடுக்கு நசுங்கி நிலமே இறங்குது, பக்கத்துல டேரியஸ் கல்லறை இருக்கற நக்‌ஷ்-இ-ரொஸ்தம் கிட்ட தரையில நீளமா வெடிப்பு விட்டிருக்கு. காரீயம் மில்லிமீட்டர் அசைவத் தாங்கும், ஒரு பக்கம் பாறை மேலயும் ஒரு பக்கம் நிரப்பின மண்ணு மேலயும் நிக்கற மேடை ஒரு பக்கமா இறங்கினா எந்தப் பூட்டும் தாங்காது. வருஷா வருஷம் கிணத்து நீர்மட்டத்த அளக்கறது, சாட்டிலைட் ரேடார்ல தரை எவ்ளோ இறங்குதுன்னு பாக்கறது, இதுக்கெல்லாம் பெருசா செலவு ஆகாது, ஆனா இதுக்குப் பணம் ஒதுக்கச் சொன்னாத்தான் எல்லா நாட்டுலயும் கை சுருங்குது. புதுசா தங்கம் தோண்டி எடுத்தா ஃபோட்டோ எடுக்க அமைச்சர் வர்றாரு, கிணத்த அளக்கறவருக்கு சம்பளம் வராது. இது மாறணும்னு நான் மனசார ஆசைப்படறேன்.

தம்பி, நீங்க அனுப்பின போட்டோவ கொஞ்சம் பெருசு பண்ணுங்க. கல்லு ஒட்டுற கோட்டுக்கு ரெண்டு பக்கமும் அசிங்கமா நோண்டின மாதிரி குழி தெரியுதான்னு பாருங்க. பிற்காலத்துல இரும்புக்கும் காரீயத்துக்கும் ஆசைப்பட்டு ஆளுங்க குடைஞ்சு எடுத்த இடம் அது. சைரஸ் கல்லறையிலயும் இதே மாதிரி இருக்கு. நல்லா உத்துப் பாத்தா சில குழியோட ஓரத்துல பழைய உடுக்கையோட வெட்டு இன்னும் நேரா, கூர்மையா தெரியும்.