விந்தணு சேர்ந்தபின் முட்டைக்குள் என்ன நடக்கிறது?

உடலுக்கு வெளியே முட்டையைக் கருவுறச் செய்யும் ஐ.வி.எஃப் ஆய்வகத்தில் எங்கள் நாள் காலை 7 மணிக்குத் தொடங்குகிறது. முந்தைய நாள் பிற்பகலில் விந்தணு செலுத்தப்பட்ட முட்டைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்து, சூடேற்றப்பட்ட மேடையில் வைத்து, மைக்ரோஸ்கோப் வழியே ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் முதல் வேலை. முறையாகக் கருவுற்ற முட்டையின் நடுவில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு வட்டங்கள் தெரியும். ஒன்று தாயின் குரோமோசோம்களையும் மற்றது தந்தையின் குரோமோசோம்களையும் சுமந்திருக்கும். இவற்றை முன்-உட்கருக்கள் என்கிறோம். விந்தணு சேர்ந்து 16 முதல் 18 மணி நேரம் ஆகும்போது இவற்றைப் பார்த்துவிட வேண்டும். அடுத்த சில மணி நேரங்களில் இரண்டும் மறைந்துவிடும் என்பதால், தாமதித்தால் அந்த முட்டை ஒழுங்காகக் கருவுற்றதா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை.

பார்த்து முடித்ததும் தம்பதியரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வோம். அப்படி ஒருமுறை அழைத்தபோது, மருமகளிடமிருந்து போனை வாங்கி மாமியார் பேசினார். “12 முட்டை எடுத்தோம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க இப்ப 6னு சொல்றீங்க. மீதி என்னாச்சும்மா?” என்று கேட்டார். மூன்றாம் நாள், அந்த ஆறில் இரண்டு கருக்கள் வளராமல் நின்றுவிட்டன என்று தெரிவித்தபோது அவருடைய குரல் தாழ்ந்தது. “அவ உடம்புலதான் ஏதாவது குறையா?” என்றார். அந்தக் கேள்வி எழும்போது மருமகள் பக்கத்திலேயே நின்றிருப்பார் என்ற நினைப்பு அன்று முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியாத அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் முட்டையின் வயது. பெண்குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் எல்லாம் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும். பூப்படையும்போது அவற்றில் 3 முதல் 4 லட்சம் எஞ்சியிருக்கும். வாழ்நாளில் சினைப்பையிலிருந்து வெளியேறுபவை சுமார் 400 மட்டுமே. ஒவ்வொரு முட்டையும் தன் குரோமோசோம் பிரிவைத் தொடங்கிய நிலையில், பாதி வழியில், பல ஆண்டுகள் காத்திருக்கிறது. முப்பது வயதுப் பெண்ணின் முட்டை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நிலையிலேயே இருந்திருக்கிறது என்று பொருள்.

சிகிச்சையில் நாம் போடும் டிரிக்கர் ஊசி இந்தக் காத்திருப்பை முடித்து வைக்கிறது. ஊசி போட்டு ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுக்கிறோம். அதற்குள் முட்டை தன் குரோமோசோம்களில் ஒரு பாதியைச் சிறிய உருண்டையாக வெளியே தள்ளியிருக்க வேண்டும். முதல் துருவ உறுப்பு என்று சொல்லப்படும் அந்த உருண்டை தெரிந்தால்தான் அது முதிர்ந்த முட்டை. மேலே சொன்ன பெண்ணுக்கு எடுத்த 12 முட்டைகளில் 9 மட்டுமே முதிர்ந்திருந்தன. இது சிகிச்சையில் வழக்கமாக நடப்பதுதான்; எல்லா முட்டைகளும் ஒரே நாளில் முதிர்வதில்லை.

முதிர்ந்த முட்டை வெளியிலிருந்து பார்க்க அசைவில்லாத ஓர் உருண்டை. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் என்றாலும், மனித உடலின் மிகப் பெரிய செல்களில் அதுவும் ஒன்று. உள்ளே குரோமோசோம்கள் ‘ஸ்பிண்டில்’ எனப்படும் நுண்ணிழைக் கட்டமைப்பில் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. அந்தக் கட்டமைப்பு முட்டையின் ஓரத்தில், பெரும்பாலும் துருவ உறுப்புக்கு அருகிலேயே இருக்கும். ஒரே ஒரு விந்தணுவை ஊசிவழியாக முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையைச் செய்யும்போது துருவ உறுப்பைக் கடிகாரத்தின் 12 மணி அல்லது 6 மணி நிலையில் வைத்துக்கொண்டு 3 மணிப் பக்கத்திலிருந்து ஊசியைச் செலுத்துவது அந்த இழைகளைக் குத்திவிடாமல் இருப்பதற்காகத்தான். முட்டை குளிர்ந்தால் இந்த இழைகள் கலைந்துபோகும். ஆகவே முட்டை படும் ஒவ்வொரு பரப்பையும் 37 டிகிரியில் வைத்திருக்கிறோம். ஆய்வகத்துக்குள் உறவினரை ஏன் விடுவதில்லை, ஏன் அவசரமாகக் கதவை மூடுகிறோம் என்று கோபப்படுபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த இழைகளைப் பற்றித்தான்.

விந்தணு உள்ளே நுழைந்தவுடன் கருவுறுதல் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முட்டையின் வேலை அப்போதுதான் ஆரம்பமாகிறது. விந்தணு தன்னுடன் ஒரு நொதியைக் கொண்டுவருகிறது, பி.எல்.சி. ஸீட்டா என்ற அந்த நொதி 2002இல் அடையாளம் காணப்பட்டது. அது முட்டைக்குள் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் கால்சியத்தை விடுவிக்கிறது. கால்சியத்தின் அளவு ஒருமுறை உயர்ந்து அடங்கி, மீண்டும் உயர்ந்து அடங்கி, அலையலையாகப் பல மணி நேரம் எழுந்துகொண்டே இருக்கும். முட்டைக்கு இது விழித்தெழும் சைகை. முதல் அலைகளிலேயே, முட்டையின் விளிம்பில் வரிசையாகக் காத்திருக்கும் நுண்பைகள் தங்கள் சரக்கை வெளியே கொட்டுகின்றன. சோனா என்று நாங்கள் அழைக்கும் வெளிக்கூட்டை அந்தப் பொருட்கள் மாற்றியமைப்பதால், இன்னொரு விந்தணு அதன் வழியே உள்ளே வர முடியாமல் போகிறது. இந்தக் காவல் தவறிய முட்டைகளில் மறுநாள் காலை இரண்டுக்குப் பதில் மூன்று வட்டங்கள் தெரியும். அவற்றை நாங்கள் கருப்பைக்கு மாற்றுவதில்லை.

அதே கால்சிய அலைகளால் முட்டை தன் இரண்டாவது குரோமோசோம் பிரிவையும் முடித்து, இரண்டாம் துருவ உறுப்பைச் சில மணி நேரத்தில் வெளியேற்றுகிறது. இப்போது தாயின் பக்கத்தில் 23 குரோமோசோம்கள் மட்டும் இருக்கும். மறுபுறம், விந்தணுவின் தலையில் இறுகச் சுருட்டப்பட்டிருக்கும் டி.என்.ஏ.வை முட்டையே தளர்த்தி, அதைச் சுற்றியிருந்த புரதங்களை நீக்கித் தன்னிடமுள்ள ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி, அதற்கு ஓர் உறையையும் கட்டித்தருகிறது. விந்தணு கொண்டுவரும் சென்ட்ரியோல் என்ற நுண்ணுறுப்பிலிருந்து நுண்குழல்கள் நட்சத்திரம்போல் எல்லாத் திசைகளிலும் விரிகின்றன. மனித முட்டையில் சொந்தமாக சென்ட்ரியோல் இருப்பதில்லை. இந்தக் குழல்களைத் தண்டவாளமாகக் கொண்டு தாயின் முன்-உட்கரு ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து வரப்படுகிறது. கூடவே செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் நடுவை நோக்கி நகர்ந்து இரு வட்டங்களையும் சூழ்ந்துகொள்ள, முட்டையின் விளிம்பில் துகள்களற்ற தெளிவான ஒரு வளையம் தோன்றுகிறது. காலையில் மைக்ரோஸ்கோப்பில் அந்த வளையத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஒரே இரவில் ஒரு வீட்டுச் சாமான்கள் முழுவதும் கூடத்துக்கு மாற்றப்பட்டதைப் போல எனக்குத் தோன்றும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தக் காட்சி எனக்குப் பழகிப்போய்விடவில்லை.

இது மனிதருக்கு மட்டும் உரியதன்று. தவளை முட்டையில் விந்தணு நுழைந்த பிறகு, முட்டையின் புறணி எனப்படும் மேலடுக்கு முழுவதும் உட்பகுதியின் மீது சுமார் 30 டிகிரி வழுக்கித் திரும்புகிறது. குஞ்சின் முதுகுப்புறம் எது, வயிற்றுப்புறம் எது என்பது அந்தத் திருப்பத்தில்தான் முடிவாகிறது. மனித முட்டையில் இப்படிப்பட்ட திருப்பம் கிடையாது என்றாலும், கருவுறுதல் என்பது முட்டை தன்னைத்தானே உள்ளுக்குள் மறுபடி அடுக்கிக்கொள்ளும் வேலை என்பது இரண்டுக்கும் பொதுவானது.

அடுத்து மூன்றாம் நாள் கேள்விக்கு வருகிறேன். முட்டை இரண்டாகவும், நான்காகவும், மூன்றாம் நாளில் ஏறத்தாழ எட்டாகவும் பிரிகிறது. ஆனால் கரு அளவில் வளர்வதில்லை. இருந்த அதே சரக்கைச் செல்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு முட்டையில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கக்கூடிய மைட்டோகாண்ட்ரியாக்களும் அப்படியே பங்கிடப்படுகின்றன. விந்தணுவுடன் வந்த சிலவற்றை முட்டை அழித்துவிடுகிறது. இந்த நாட்களில் கருவின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும்; தாயின் முட்டை முன்கூட்டியே எழுதிச் சேமித்து வைத்த ஆர்.என்.ஏ.க்களும் புரதங்களும்தான் வேலையை நடத்துகின்றன. நான்கு முதல் எட்டு செல் நிலையில்தான் மனிதக் கரு தன் மரபணுக்களைப் பெரிய அளவில் இயக்கத் தொடங்குகிறது என்பதை 1988இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பொறுப்பு கைமாறும் அந்த இடத்தில்தான் பல கருக்கள் நிற்கின்றன. சேமிப்பு தீர்ந்துபோயிருக்கலாம், குரோமோசோம் எண்ணிக்கை பிழையாக இருக்கலாம், முதல் பிரிவின்போதே தாயின் குரோமோசோம்களும் தந்தையின் குரோமோசோம்களும் சரிவரப் பகிரப்படாமல் போயிருக்கலாம். அந்த மாமியார் தேடிய “உடம்புக் குறை” பெரும்பாலும் இவற்றில் எதிலும் இல்லை. இயல்பான கர்ப்பங்களிலும் எத்தனையோ கருக்கள், தாய்க்குத் தெரியாமலே, இப்படி நின்றுபோகின்றன.

வயதின் பங்கை மட்டும் மறைக்க மாட்டேன். குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும் புரத வளையங்கள் ஆண்டுகள் செல்லச்செல்லத் தளர்கின்றன. அதனால் பிரியும்போது பங்கீடு தவறுகிறது. 35 வயதுக்குப் பிறகு இந்தப் பிழைகள் வேகமாகக் கூடுகின்றன. 40ஐத் தாண்டியபின் பாதிக்கும் மேற்பட்ட கருக்களில் குரோமோசோம் எண்ணிக்கை பிழையாகவே இருக்கிறது. எந்த மாத்திரையும் எந்த லேகியமும் இதைத் திருப்பாது. “முட்டையின் தரத்தைக் கூட்டித் தருகிறோம்” என்று விற்கப்படும் பொருட்களுக்காக மாதங்களைக் கழித்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. அவர்கள் இழந்தது பணத்தைவிட அந்த மாதங்களை. புகைப்பழக்கம் சினைப்பையின் முட்டை இருப்பைக் குறைக்கும். புற்றுநோய் மருந்துகள் பலவும் முட்டைகளை அழிக்கும் என்பதால், சிகிச்சை தொடங்கும் முன்பே முட்டையை உறைய வைத்துப் பாதுகாப்பது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

ஆண் தரப்பையும் மறக்கக்கூடாது. ஒரு தம்பதிக்கு இக்ஸி செய்த எட்டு முதிர்ந்த முட்டைகளில் ஒன்றுகூடக் கருவுறவில்லை. வீட்டில் எல்லோரும் பெண்ணின் முட்டையையே குறை சொன்னார்கள். விந்தணுக்களை உயர் உருப்பெருக்கத்தில் பார்த்தபோது, அவற்றின் தலைகள் நீள்வட்டமாக இல்லாமல் கோலிக்குண்டு போல உருண்டையாக இருந்தன. அத்தகைய விந்தணுக்களில் முட்டையை எழுப்பும் அந்த நொதி இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும். முட்டைகள் தயாராகத்தான் இருந்தன; சைகை வந்து சேரவில்லை. அடுத்த முறை இக்ஸி முடிந்தவுடன் முட்டைகளை, அவற்றுக்குள் கால்சியத்தை உயர்த்தும் கால்சியம் அயனோஃபோர் கலந்த திரவத்தில் சில நிமிடங்கள் வைத்தோம். மறுநாள் காலை ஐந்து முட்டைகளில் இரண்டிரண்டு வட்டங்கள் தெரிந்தன.

ஆகவே ஆய்வகத்திலிருந்து அழைப்பு வரும்போது எடுத்த முட்டைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை முதிர்ந்திருந்தன, எத்தனை முட்டைகளில் இரண்டு முன்-உட்கருக்கள் தெரிந்தன, மூன்றாம் நாள் எத்தனை செல்கள், ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் எனப்படும், உள்ளே திரவக்குழி உருவான நிலையை எட்டியவை எத்தனை என்று ஒவ்வொரு படியிலும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படியில் இழப்பு அதிகம் என்பதை வைத்தே அடுத்த சுழற்சியில் எதை மாற்றுவது என்று மருத்துவர் முடிவெடுப்பார். ஒரு முட்டைகூடக் கருவுறவில்லை என்றால், விந்தணுத் தலையின் அமைப்பைப் பார்த்தார்களா என்பதைக் கணவரும் மனைவியும் சேர்ந்தே சென்று கேளுங்கள்.