‘எந்த வேலையானாலும் சரி’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

சென்ற மாதம் ஒரே வாரத்தில் நான்கு பேர் என் எதிரில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “எந்த வேலையானாலும் சரி மேடம்.” வேலைவாய்ப்பு ஆலோசகராக இதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். நான்காவது முறை கேட்டபோது பொறுமை போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நான்காவது தம்பிக்கு வயது 26. சிவில் எஞ்சினியரிங் முடித்தவர். பதினாறு மாதங்களில் மூன்று வேலைகளை விட்டிருந்தார். கூடவே அப்பாவும் வந்திருந்தார். “உங்களுக்கு எது நன்றாக வரும் தம்பி?” என்று கேட்டேன். “அவனுக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது மேடம். சொன்னதைச் செய்வான். ஆனால் எங்கேயும் நிலைத்து நிற்கமாட்டான்” என்று அப்பா பதில் சொன்னார். பையன் மடியில் இருந்த பிளாஸ்டிக் ஃபைலின் பட்டனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

ஃபைலில் இருந்த ரெஸ்யூமே பிரவுசிங் சென்டரில் அடித்தது. ‘கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவர், விரைவில் கற்றுக்கொள்பவர்.’ இதே மூன்று வரிகளை எத்தனை காகிதங்களில் படித்திருப்பேன் என்று கணக்கில்லை. யாருக்கோ முன்பு அடித்த ரெஸ்யூமேயில் பெயரை மாற்றித் தந்துவிடுகிறார்கள். ஒருமுறை ஒரு பெண் கொண்டுவந்ததில் தந்தை பெயரே வேறொருவருடையதாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஆறு நிறுவனங்கள் ஏறி இறங்கியிருந்தார், பாவம்.

அப்பாவை ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். பிறகு பையனிடம் கேள்வியை மாற்றிக் கேட்டேன். “கடந்த ஓராண்டில், நேரம் போனதே தெரியாமல் நீங்கள் செய்த காரியம் எது?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று ஆண்டுகளாக அன்னதானத்துக்குச் சாமான் வாங்கும் பொறுப்பு அவருடையது. 1,200 பேருக்கு 25 கிலோ அரிசி மூட்டை ஐந்து போதும், வெள்ளிக்கிழமை என்றால் ஆறாவது மூட்டையைக் கடையிலேயே சொல்லிவைத்துவிட வேண்டும், மீந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று விரல்விட்டுச் சொன்னார். கைபேசியில் ஒரு நோட்டின் படத்தைக் காட்டினார். சாமான், அளவு, கடை, கொடுத்த பணம், பாக்கி எனக் கோடு போட்ட ஐந்து பத்திகள். ஊரில் யாரும் ஒரு ரூபாய்க்குக்கூடக் கேள்வி கேட்டதில்லையாம். இவருக்குத்தான் ‘தனியாக ஒன்றும் கிடையாது’.

மூன்று வேலைகளை விட்ட கதையும் அப்போதுதான் வந்தது. முதலாவது கால் சென்டர். அழைத்தவரின் சிக்கல் தீர்ந்ததா என்பதைவிட, எத்தனை நிமிடத்தில் அழைப்பை முடித்தோம் என்பதுதான் அங்கே கணக்கு. இரண்டாவது காப்பீட்டு விற்பனை. வைப்புத்தொகை போடப் போன ஒரு பாட்டியிடம் பாலிசியைத் தலையில் கட்டச் சொன்னார்கள். மறுநாளே வேலையை விட்டுவிட்டார். மூன்றாவது, காலையிலிருந்து மாலை வரை கணினியில் படிவம் ஏற்றுவது. யாரோடும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவர் யார் என்பது தெரிந்துவிடுகிறது. எடுத்த காரியம் முடிந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும், பொய் சொல்லிப் பிழைக்கக் கூடாது, நாலு பேரோடு ஓடியாடிச் செய்ய வேண்டும். விழுமியம் என்று புத்தகங்களில் எழுதுவது இதைத்தான். வீட்டில் இதற்கு வைத்த பெயர், ‘நிலைத்து நிற்கமாட்டான்’.

இப்படிச் சொன்னவுடன் ஒரு கேள்வி வரும், எல்லாக் கூட்டத்திலும் வருகிறது. “வயிற்றுப்பாட்டுக்கு அலைகிறவனுக்கு விழுமியம் எதற்கு? அதெல்லாம் வசதி உள்ளவர்கள் பேசுவது.” இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை தவறான வேலையில் சேர்ந்தால் ஆறு மாதத்தில் விட்டுவிட்டு வீட்டில் உட்காரலாம், மேற்படிப்புக்குப் போகலாம். கல்விக்கடன் வாங்கிப் படித்த பிள்ளைக்கு அந்த வழி ஏது? படிப்பு முடிந்து ஓராண்டு ஆனால் வங்கி தவணையைக் கேட்கத் தொடங்கிவிடும். தவறான வேலைக்காகச் சென்னைக்கோ ஓசூருக்கோ போய், ஹாஸ்டல் முன்பணம் கட்டி, இரண்டு மாதத்தில் திரும்பி வந்தால் அந்தச் செலவை யார் தாங்குவது? பணமில்லாதவர்தான் தன்னைப் பற்றி அதிகம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவசரத்துக்குக் கிடைத்த வேலையில் சேர வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. சேருங்கள், சம்பாதியுங்கள். ஆனால் அது உங்களுக்கு எத்தனை மாதத்துக்கான வேலை, அதிலிருந்து எதைக் கற்றுக்கொண்டு எங்கே போகப்போகிறீர்கள் என்று தெரிந்து சேருங்கள். ‘எந்த வேலையானாலும் சரி’ என்பதைப் பணிவு என்று நினைத்துச் சொல்கிறீர்கள். கேட்கிற மேலாளருக்கு, இவரை எங்கே உட்காரவைப்பது என்ற குழப்பம்தான் மிஞ்சுகிறது.

எங்கள் துறையில் எட்கர் ஷைன் என்ற மேலாண்மைப் பேராசிரியர் செய்த ஓர் ஆய்வை அடிக்கடி சொல்வோம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேலாண்மை படித்த 44 பேரிடம் பேசி, பத்தாண்டுகளுக்கும் மேலான பிறகு மீண்டும் அவர்களைச் சந்தித்தார். தாங்கள் எதை விட்டுக்கொடுக்கமாட்டோம் என்பது, படித்து முடித்தபோது இருந்ததைவிட வேலை செய்து பார்த்த பிறகே அவர்களுக்குத் தெளிவாகியிருந்தது. அதற்கு அவர் ‘நங்கூரம்’ என்று பெயர் வைத்தார். ஆகவே கண்ணை மூடி உட்கார்ந்தால் உங்கள் பலம் தெரிந்துவிடாது. செய்த காரியங்களைத் திரும்பிப் பாருங்கள். கல்லூரி விழா, அக்கா கல்யாணம், அப்பாவின் கடை, எதுவானாலும் கணக்கில் வரும்.

இன்னொன்று. விரல்ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் பிறவித்திறமையைச் சொல்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொள்கிறார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது. அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வகுத்த ஆறு வகை ஆர்வங்களை வைத்து அமெரிக்கத் தொழிலாளர் துறை நடத்தும் வினாத்தாள் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. அறுபது கேள்விகள். அதில் வரும் வேலைப் பட்டியல் அவர்கள் நாட்டுக்கானது, அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். எது பிடிக்கும், எது பிடிக்காது என்று யோசிக்க அது உதவும், அவ்வளவுதான். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்களில் கிடைக்கும் பயிற்சிகள் நல்லவை. ஆனால் சான்றிதழ்களை அடுக்குவதற்கு முன், உங்களுக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். நீங்கள் முன்னின்று முடித்த ஏழு காரியங்களை எழுதுங்கள். ‘நன்றாகச் செய்தேன்’ என்று எழுதாதீர்கள். என்ன வாங்கினீர்கள், யாரைச் சமாதானப்படுத்தினீர்கள், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள். ஏழிலும் திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். உங்களோடு வேலை செய்த மூன்று பேரிடம், “எந்த விஷயத்துக்கு என்னைக் கூப்பிடுவீர்கள்?” என்று கேளுங்கள். இதைப் பெற்றோரிடம் கேட்க வேண்டாம். எதைச் செய்யச் சொன்னால் தூக்கம் போகும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்டா, டார்கெட்டா, ஊரைவிட்டுப் போவதா? நீங்கள் நினைக்கும் வேலையில் இருக்கும் ஒருவரைப் பிடித்து, “நேற்றுக் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். பதவியின் பெயர் சொல்லாததை அந்த மூன்று மணி நேரம் சொல்லிவிடும். எங்கே சேர்ந்தாலும் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்காதீர்கள். அவற்றைத் திரும்ப வாங்க முடியாமல் என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு.

அந்தத் தம்பி இப்போது கட்டுமான நிறுவனங்களின் ஸ்டோர்ஸ், கொள்முதல் பிரிவுகளுக்கு மட்டும் விண்ணப்பிக்கிறார். ‘கடின உழைப்பாளி’ இருந்த இடத்தில், 1,200 பேருக்கான கொள்முதலையும் கணக்கையும் மூன்று ஆண்டுகள் பார்த்தேன் என்ற வரி இருக்கிறது. வேலை இன்னும் அமையவில்லை. போய்வந்த இரண்டு நேர்காணல்களிலும் அந்த வரியைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்களாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையோடு தாராளமாக வாருங்கள். கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கும்போது அவர்கள் பதில் சொல்ல நேரமாகலாம், ஐந்து நிமிடம்கூட ஆகலாம். அதுவரை நீங்கள் பேசாமல் இருங்கள். முடியவில்லை என்றால், என் அறைக்கு வெளியே ஃபேனுக்கு அடியில் ஒரு பெஞ்ச் போட்டிருக்கிறேன்.