டோர்னிகே: திருகுபட்டி என்று சொல்லலாமா?

டோர்னிகே (tourniquet) பிரெஞ்சுச் சொல். கையிலோ காலிலோ இரத்த ஓட்டத்தைத் தடுக்க இறுக்கிப் போடும் பட்டியைக் குறிக்கிறது. ஆங்கிலேயர் வழியாக நம்மிடம் வந்தது. பிரெஞ்சில் போலவே ஈற்று மெய்யை விழுங்கித்தான் நாமும் சொல்கிறோம். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் மட்டும் 'டர்னிகெட்' என்று முழுதாக உச்சரிக்கிறார்கள். இரண்டும் ஒன்றே.

இலங்கை மலையகத்தில் பலரும் இந்தப் பொருளை முதலில் பார்ப்பது ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் மேசையில். தாதி முழங்கைக்கு மேலே ஒரு றப்பர் பட்டியைக் கட்டுகிறார், நாளம் புடைக்கிறது, ஊசி போகிறது. அதற்கும் பெயர் டோர்னிகேதான். ஆனால் களத்தில் படைவீரர் இடுப்பில் செருகிவைத்திருக்கும் டோர்னிகேயின் வேலை வேறு. இரத்தம் எடுக்கும் பட்டி நாளத்தை மட்டும் அமுக்கினால் போதும். படைவீரரின் பட்டி நாடியையே நசுக்கி மூட வேண்டும். (நாடி, நாளம் என்பவை நம் பாடநூல் சொற்கள். தமிழ்நாட்டு வாசகர்கள் தமனி, சிரை என்று கொள்க.) தொடை நாடி அறுந்தவருக்கு உயிர் போகச் சில நிமிடங்களே போதும். அந்த நிமிடங்களுக்காகவே உண்டான கருவி இது.

சொல்லின் வேர் 'தூர்னே' என்ற பிரெஞ்சு வினை. திருப்புதல், சுழற்றுதல் என்று பொருள். அதற்கும் பின்னால் போனால் கடைசல் பொறியில் கடைவதைக் குறிக்கும் இலத்தீன் வினை வருகிறது. பிரெஞ்சுக்காரர் ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல்வாயிலையும் இதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். ஆக, அந்தச் சொல்லில் இரத்தமும் இல்லை, காயமும் இல்லை, கட்டும் இல்லை. சுழற்றுவது ஒன்றுதான் இருக்கிறது.

அதற்குக் காரணம் இருக்கிறது. 1674இல் பெசான்சோன் நகர முற்றுகையின்போது எத்தியென் மொரெல் என்ற பிரெஞ்சுப் படை மருத்துவர், காயத்துக்கு மேலே துணியைச் சுற்றி, அதற்குள் ஒரு தடியைச் செருகித் திருகி இரத்தத்தை நிறுத்தினார் என்று மருத்துவ வரலாறுகள் சொல்கின்றன. 1718இல் பாரிஸ் அறுவை மருத்துவர் ஜான் லூயி பெத்தி தடிக்குப் பதிலாகத் திருகாணி வைத்த கருவியைச் செய்தார். பெயரைச் சூட்டியவரும் பெத்திதான் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது பொருந்தவில்லை, 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இந்தச் சொல் ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. 1873இல் ஜெர்மானியரான எஸ்மார்க்கின் றப்பர்ச் சுற்று, 1904இல் ஹார்வி குஷிங்கின் காற்றடைத்த பட்டி என்று அறுவைக்கூடத்துக்குள் கருவி மாறிக்கொண்டே போனது. அங்கே திருகுவது நின்றுபோன பிறகும் பெயர் அப்படியே இருக்கிறது.

நடுவில் இந்தக் கருவிக்கு நல்ல பேர் இல்லாமலும் போனது. முதலாம் உலகப்போரில் கட்டிய பட்டியோடு காயப்பட்டவர்கள் மணிக்கணக்கில் பதுங்குகுழிகளில் கிடந்தார்கள். மருத்துவரிடம் போய்ச் சேரும்போது உயிர் இருந்தது, கால் செத்திருந்தது. அதனால் 'வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும்' என்ற எச்சரிக்கையோடுதான் நெடுங்காலம் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். வியட்நாம் போரின் சாவுகளை ஆராய்ந்தபோது மறுபக்கம் தெரிந்தது: கை கால் காயத்திலிருந்து இரத்தம் வடிந்தே செத்தவர்கள், அதாவது ஒரு பட்டி இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள், கணிசமாக இருந்தார்கள். 1996இல் வெளியான களமருத்துவ வழிகாட்டல் டோர்னிகேயைக் கடைசியிலிருந்து முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. 2005இலிருந்து அமெரிக்கத் தரைப்படை தன் வீரர் ஒவ்வொருவருக்கும் ஒற்றைக் கையால் போடக்கூடிய பட்டியைக் கொடுக்கத் தொடங்கியது. 2006இல் பாக்தாத் இராணுவ மருத்துவமனை ஒன்றில் திரட்டிய தரவு இன்றும் பயிற்சி வகுப்புகளில் எடுத்துக்காட்டப்படுகிறது: இரத்தம் இழந்து உடல் அதிர்ச்சிநிலைக்குப் போவதற்கு முன்பே பட்டி போட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள், போன பிறகு போட்டவர்களில் 10 சதவீதம்.

வெடி கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் படைவீரருக்குச் சொல்லித்தரும் பாடம் மிகச் சுருக்கம். மறைவுக்குப் போ, உடுப்பின் மேலேயே, கை அல்லது காலின் மேல்நுனியில் பட்டியைப் போடு, இரத்தம் நிற்கும்வரை திருகு. மூச்சுப்பாதை, காயத்தைத் துடைப்பது, மருந்து எல்லாம் பிறகு. ஆபத்தில்லாத இடத்துக்கு வந்ததும் உடுப்பை வெட்டிப் பார்த்து, காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, தோல்மீது புதிதாக ஒன்று போடுவார்கள். மூட்டின் மீது போடுவதில்லை. வலி பொறுக்க முடியாததாக இருக்கும். அதைப் பார்த்துத் தளர்த்தக்கூடாது. போட்ட நேரத்தை எழுதிவைக்க வேண்டும். இரண்டு மணிநேரம் வரை பெரும்பாலும் பாதகமில்லை. ஆறு மணிநேரம் தாண்டினால் அநேகமாக அந்த உறுப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

இனித் தமிழுக்கு வருவோம். குருதித்தடைப்பட்டி, இரத்தத்தடைக் கட்டு, இறுக்குக்கட்டு என்று பலவாறு சொல்லலாம், சொல்கிறார்கள். இவற்றில் 'கட்டு' என்று முடிபவை எனக்கு உவப்பில்லை. புண்ணுக்குப் போடுவது கட்டு. எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு. பாம்பு கடித்தாலும் 'மேலே ஒரு கட்டுப் போடு' என்கிறோம். இந்தப் பழக்கத்தோடு 'இறுக்குக்கட்டு' என்று கேட்பவர் கையில் அகப்பட்ட நைலான் கயிற்றை எடுத்து முடிந்த மட்டும் இழுத்து ஒரு முடிச்சுப் போடுவார். அது இரண்டு வகையில் கேடு. மெல்லிய கயிறும் கம்பியும் சதையை அறுக்கும். அதைவிட மோசமானது அரைகுறை இறுக்கம்: தோலுக்கு அருகில் ஓடும் நாளங்கள் அடைபட்டுவிடும், ஆழத்தில் இருக்கும் நாடி திறந்தே இருக்கும். உள்ளே போகும் இரத்தம் திரும்ப வழியில்லாமல் காயத்தின் வழியே இன்னும் கூடுதலாகக் கொட்டும். கை பலத்தால் இழுத்து நாடியை மூட முடியாது. தடி வைத்துத் திருகினால்தான் அந்த அழுத்தம் வரும். பிரெஞ்சுச் சொல் இந்த நுட்பத்தையே பெயராக வைத்திருக்கிறது; நம் சொற்கள் அதை விட்டுவிட்டு நோக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டன.

போர்க்காய மருத்துவம் தமிழுக்குப் புதிதல்ல. குளத்துக்குள் பாய்ந்து எழும் சிரல் பறவையைப் போல, மார்புப் புண்ணுக்குள் போய்வரும் நெடிய வெள்ளூசியைப் பதிற்றுப்பத்து காட்டுகிறது. பஞ்சு எடுக்காத புண்ணோடு நிற்கும் வீரர்களைப் புறநானூறு காட்டுகிறது. 1867இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் அறுவை மருத்துவ நூலைத் தமிழில் வெளியிட்டபோது 'இரண வைத்தியம்' என்றே பெயரிட்டார். இரணம் என்றால் புண். இரணம் என்றால் போர். இரண்டும் வடமொழியில் வெவ்வேறு சொற்கள், தமிழுக்கு வந்து ஒரே உருவாகிவிட்டன. இத்தனை இருந்தும் திருகி நிறுத்தும் கருவிக்குப் பழைய பெயர் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆகவே புதிதாக ஆக்குவதில் தவறில்லை.

என் தெரிவு திருகுபட்டி. திருகு என்பது செய்ய வேண்டியதைச் சொல்கிறது. பட்டி என்பது எதை எடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது: கயிறு அல்ல, இரண்டு விரல் அகலமாவது இருக்கும் பட்டை. செருகித் திருப்பும் தடிக்குத் திருகுகோல். திருகை, திருகாணி என்று புழங்கும் வாய்க்கு இவை அந்நியமாக இருக்காது. அறுவைக்கூடத்துக் காற்றுப்பட்டியையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் குருதித்தடைப்பட்டி என்று எழுதலாம். இரத்தம் எடுக்கும் மேசையில் இருப்பது வெறும் இறுக்குபட்டி.

இது தியத்தலாவையில் பயிற்சி எடுக்கும் ஆமிக்காரருக்கு மட்டுமான சொல்லா? தேயிலைச் செடியைத் தறிக்கும் கவ்வாத்துக் கத்தி முழங்காலுக்குக் கீழே இறங்கியவரை, புல் வெட்டும் மெசினின் தகடு தெறித்துப் பட்டவரைத் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். முதலில் சுத்தமான துணியால் காயத்தின் மீதே பலமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான வெட்டுகளுக்கு அதுவே போதும். துணி நனைந்து நனைந்து, இரத்தம் விசிறியடித்துக்கொண்டே இருந்தால்தான் திருகுபட்டி. 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்துவிட்டு, கம்பளித்துண்டையோ சேலைக் கிழிசலையோ பட்டையாக மடித்துச் சுற்றி, தேயிலை மிலாறு (தறித்த கிளை) வளையும் என்பதால் உறுதியான கம்பு ஒன்றைச் செருகித் திருக வேண்டும். மஸ்கெலியாவின் மேல்டிவிசன் ஒன்றிலிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு வளைந்து வளைந்து இறங்கும் நேரத்தை நினைத்தால், நேரம் குறிப்பது ஏன் என்று விளக்கத் தேவையில்லை. நெற்றியிலேயே எழுதலாம். இலக்கத்தில் எழுதினால் கடமையில் இருப்பவர் எந்த மொழிக்காரர் என்றாலும் விளங்கும்.

பாம்புக்கடிக்கு இது கூடவே கூடாது. நஞ்சை ஓரிடத்தில் தேக்கிச் சதையை அழுகவைக்கும். அவிழ்க்கும்போது நிலைமை இன்னும் மோசமாகும். கடிபட்ட கையை அசைக்காமல் வைத்து வைத்தியசாலைக்குப் போவதே சரி.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. திருகுபட்டி வினைத்தொகை: திருகிய பட்டி, திருகுகின்ற பட்டி, திருகும் பட்டி. ஊறுகாய், சுடுசோறு போல இதிலும் வல்லினம் மிகாது. 'திருகுப்பட்டி' என்று எழுத வேண்டாம்.