மெரினாவில் தேங்கிய மணல்

"மெரினாவுல கடலைத் தொடறதுக்குள்ள கால் வலிக்குது. எங்க திருவொற்றியூர்ல கடல் கல்லுல வந்து மோதுது. ஒரே ஊர், ஒரே கடல்தானே?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

ஒரே கடல்தான். நடுவில் துறைமுகம் இருக்கிறது.

நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வருகின்றன. அப்படி ஏறும் அலை ஒரு மணல் பருக்கையை வடமேற்காக மேலே தள்ளும். திரும்பும் நீருக்கு அந்தச் சாய்வு கிடையாது. சரிவு இழுக்கிற பக்கம், நேராகக் கடலைப் பார்த்து இறங்கும். ஏறிய இடம் வேறு, இறங்கிய இடம் வேறு. பருக்கை கொஞ்சம் வடக்கே போயிருக்கும். அடுத்த அலையில் இன்னும் கொஞ்சம். தடத்தை வரைந்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த ஓட்டம் தெற்கே திரும்பும் என்றாலும், வரவு செலவு பார்த்தால் வடக்குதான் ஜெயிக்கும். ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல், ஒரு லாரிகூட இல்லாமல்! எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

1870களில் இதன் குறுக்கே துறைமுகச் சுவர் எழுந்தது. தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. கிழக்கே பார்த்திருந்த துறைமுக வாசலும் மணலால் தூர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடகிழக்குக்கு மாறியது. ராயபுரத்துக்கு வடக்கே அலையின் பலம் குறையவில்லை, தெற்கிலிருந்து வரவேண்டிய மணல்தான் வரவில்லை. அதனால் அங்கிருந்த கரையையே அள்ளிக்கொண்டு போனது. கடலம்மா கோபம் என்பார்கள். அவள் எப்போதும் செய்கிற வேலையைத்தான் செய்கிறாள்.

கல் கொட்டினால் சாலை தப்பும். ஆனால் கல்லில் மோதித் திரும்பும் அலை அடிமணலைத் தோண்டும். அரிப்பு, கல் முடிகிற இடத்துக்கு வடக்கே தாவும். கட்டுமரத்தை இழுத்துப்போட இடமில்லை. முட்டையிட வரும் பங்குனி ஆமைக்குக் குழி தோண்ட மணலில்லை. இன்னும் வடக்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் புதிய துறைமுகச் சுவர்கள். அதற்கும் அப்பால், பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிப்பது ஒரு மணல் திட்டு மட்டுமே.

தெற்கே தேங்கும் மணலைக் குழாய் வழியே வடக்கே இறைக்கலாம். விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரிய மணலைக் கடற்கரையில் கொட்டுகிறார்கள். ஒருமுறை செய்தால் போதாது, ஆண்டுதோறும் செய்யவேண்டும். கரையை ஆண்டுதோறும் அளக்கவும் வேண்டும். கல் கொட்டக் கிடைக்கிற பணத்தில் ஒரு துளியாவது இந்த அளவை வேலைக்கு ஒதுக்கலாம் என்பது என் கட்சி. அளப்பதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது என்பதுதான் சிக்கல்.