மோட்டார் வந்தது, ஷாஃப்ட் போகவில்லை

"கம்ப்யூட்டர் வந்தது, இன்டர்நெட் வந்தது, இப்போது ஏஐயும் வந்துவிட்டது. ஆபீஸ் வேலை மட்டும் ஏன் குறையவே இல்லை?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பொருளியல் அறிஞர் ராபர்ட் சோலோ 1987இல் பட்ட ஆதங்கமும் ஏறக்குறைய இதுதான்: கணினி எங்கு பார்த்தாலும் இருக்கிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணோம். 1990இல் பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் இதற்கு விடை தேடிப் பழைய அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குள் போனார்.

நியூயார்க்கில் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் 1882இல் ஓடத் தொடங்கியது. 1900 வாக்கில்கூட அமெரிக்க ஆலைகளை ஓட்டிய சக்தியில் மின் மோட்டார்களின் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. பாதியைத் தொட 1920 ஆகிவிட்டது.

பழைய ரைஸ் மில்லைப் பார்த்தவர்களுக்குக் காரணம் எளிதில் பிடிபடும். ஒரு மூலையில் இன்ஜின், மேலே ஷாஃப்ட் எனும் நீளமான சுழலும் இரும்புத் தண்டு, அதில் புல்லிகள் எனும் சக்கரங்கள், ஒவ்வொரு புல்லியிலிருந்தும் ஒரு இயந்திரத்துக்கு இறங்கும் பெல்ட். நீராவி ஆலையும் இப்படித்தான், அளவு மட்டும் பிரம்மாண்டம். ஒரே ஒரு இயந்திரம் ஓட வேண்டுமென்றாலும் மொத்த ஷாஃப்டும் சுழல வேண்டும். நீளம் கூடக்கூட உராய்வில் சக்தி வீணாகும், தண்டும் முறுகும். அதனால் ஆலையை நீட்டாமல் மாடி மேல் மாடியாக அடுக்கினார்கள். தளங்களில் ஓட்டை போட்டு பெல்ட்டை மேலே ஏற்றினார்கள். தீப்பிடித்தால் அந்த ஓட்டை வழியே நெருப்பும் ஏறும்! எந்த இயந்திரம் எங்கே நிற்பது என்பதைத் தீர்மானித்தது வேலையின் வரிசை அல்ல, ஷாஃப்ட்தான்.

மோட்டார் வந்ததும் பலர் என்ன செய்தார்கள்? நீராவி இன்ஜினைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். ஷாஃப்ட் அப்படியே, பெல்ட்டும் அப்படியே. ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, அதையே பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு நேரில் கொடுக்கச் சொல்கிறார்களே, அதே கதை. எரிபொருளில் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான். ஆலையின் மொத்தச் செலவில் எரிபொருள் ஏற்கெனவே சிறு பங்கு என்பதால் அந்த மிச்சத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம் வருகிறது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார். ஷாஃப்ட் போனதும் கூரைக்குச் சுமை குறைந்தது. கண்ணாடி பதித்து வெளிச்சம் விடலாம், கிரேன் ஓட்டலாம். மாடிகள் தேவையில்லை, ஒரே தளத்தில் நீட்டிக் கட்டலாம். பொருள் நகரும் வரிசையில் இயந்திரங்களை நிறுத்தலாம். ஒரு பகுதி பழுதானால் மற்றவை பாட்டுக்கு ஓடும். ஆக, லாபம் மோட்டாரில் இல்லை, அது திறந்துவிட்ட தரை அமைப்பில் இருந்தது.

ஆனால் அதற்குக் கட்டடத்தையே மாற்ற வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினையும் ஷாஃப்டையும் எந்த முதலாளி தூக்கிப் போடுவார்? வேகமாக வளர்ந்து, எப்படியும் புது ஆலை கட்ட வேண்டியிருந்த தொழில்களில்தான் மாற்றம் முதலில் வேகம் பிடித்தது. ஆலைகளின் உற்பத்தித்திறன் 1920களில் குபீரென்று ஏறியது.

நம் அரசுத் திட்டங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவதும் இங்கேதான். கணினி வாங்கப் பணம் கிடைத்துவிடும். அலுவலக நடைமுறையை ஆராய்ந்து மாற்றி அமைக்க ஒரு சின்ன ஆய்வுக்குழுவுக்கு நிதி கேட்டுப் பாருங்கள், கோப்பு மேசை மேசையாகச் சுற்றும்.