வெட்டவெளியில் ஆயில் பெயின்டிங்: முதலில் டர்ப்ஸைக் குறையுங்கள்

நிலக்காட்சி வரைய என்னோடு வெளியே வருகிறவர்களின் பையைத் திறந்து பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பெயின்ட் ட்யூப் சின்னது, அதை நீர்க்க வைக்கும் டர்பன்டைன் (சுருக்கமாக டர்ப்ஸ்) பாட்டில் பெரியது. படம் ஏன் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிறிப்போகிறது, மதியத்துக்குள் ஏன் தலை வலிக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலும் அந்த பாட்டில்தான் பதில்.

ட்யூபில் இருப்பது நிறப்பொடியும் எண்ணெயும். பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய். பொடியை கேன்வாஸில் பிடித்து நிறுத்துவது அந்த எண்ணெய்தான். டர்ப்ஸ் ஊற்ற ஊற்ற அந்தப் பிடிப்பு போய்விடும். காய்ந்த பிறகு துணியால் துடைத்தால் நிறம் துணியோடு வரும். முதல் பூச்சுக்கு மட்டும் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பில் கொஞ்சம் டர்ப்ஸ் விட்டு நீர்க்கப் பூசுங்கள், அது சீக்கிரம் காயும். அதோடு பாட்டிலை மூடிவிடுங்கள். மேலே வரும் பூச்சுகளில் எண்ணெய் கூடிக்கொண்டு போக வேண்டும். தலைகீழாகச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விழும்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் காலையில் மேற்கிலிருந்து பாருங்கள். சூரியன் கடல் பக்கம் எழுவதால் கோயில் நம் பக்கம் நிழலாக நிற்கும். ஆனால் 'கல் என்றால் பழுப்பு' என்று மனம் சொல்லும், கை உடனே பழுப்பைக் குழைக்கும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் வானம் வெளிச்சம், மணல் நடுத்தரம், கோயில் இருட்டு என்று மூன்றே பகுதிகள் தெரியும். அந்த மூன்றையும் சரியாகப் போட்ட பிறகுதான் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். நிழல் நகர்ந்தால் அதைத் துரத்தாதீர்கள். 1890களில் பிரான்ஸின் ரூவான் தேவாலயத்தை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மோனே, வெளிச்சம் மாறினால் கேன்வாஸையே மாற்றினார். மறுநாள் அதே நேரத்துக்கு வருவது நமக்கும் முடிகிற காரியம்தான்.

கேன்வாஸ் மேல் நேர் வெயில் விழக்கூடாது. அங்கே பளிச்சென்று இருந்த படம் வீட்டுக்குள் வந்ததும் இருண்டு போயிருக்கும். குடை பிடிப்பதானால் வண்ணக் குடை வேண்டாம். அதன் சாயல் நிறம் குழைக்கும் பேலட்டில் விழும். ஈரப் பெயின்டில் மணல் ஒட்டினால் தேய்க்காதீர்கள், காய்ந்ததும் தட்டிக்கொள்ளலாம். (1870இல் மோனே ட்ரூவில் கடற்கரையில் வரைந்த ஒரு படத்தில் மணல் இன்னமும் இருக்கிறது.)

நிறம் மாற்றும்போதெல்லாம் பிரஷை டர்ப்ஸில் முக்கும் பழக்கத்தை விடுங்கள். இருட்டுக்கு ஒரு பிரஷ், வெளிச்சத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு பனியன் வேஸ்டில் துடைத்தாலே போதும். நிறமும் சேறாகாது.

ஆனால் அந்தத் துணியில்தான் பலருக்குத் தெரியாத ஆபத்து இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது, அப்போது சூடு கிளம்பும். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிக் குவித்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். கேரி பேக்கில் திணித்து வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் போடுவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். மூடி போட்ட தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் துணிகளை முக்கிக் கொண்டுபோங்கள். வீட்டுக்குப் போனதும் வெளியே ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள்.

டர்ப்ஸும் சாதுவல்ல. சுமார் 35 டிகிரியிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கக்கூடியது, நம் சித்திரை வெயில் அதைத் தாண்டிவிடும். பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்க விடாதீர்கள். "திறந்தவெளிதானே சார்" என்பார்கள். குடைக்குக் கீழே டர்ப்ஸ் கிண்ணத்தின் மேல் குனிந்திருப்பவருக்கு அது எந்தத் திறந்தவெளி? கிண்ணத்தை மூடியே வைத்து, காற்று உங்களிடமிருந்து அதன் பக்கம் போகும்படி உட்காருங்கள். கையை டர்ப்ஸால் கழுவினால் தோல் வறண்டு சிலருக்குத் தடிப்பு வரும். சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு சோப்பு போடுங்கள், அப்புறம் பஜ்ஜி சாப்பிடலாம். ஃப்ளேக் ஒயிட் என்ற வெள்ளை நிறத்தில் ஈயம் இருக்கிறது, கேட்மியம் நிறங்களும் வயிற்றுக்குள் போகக் கூடாதவை. பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மிச்ச டர்ப்ஸை மணலில் கொட்டாதீர்கள். வீட்டில் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும், தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். அதைத் தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்க வேண்டாம். பார்ப்பதற்குத் தண்ணீர்தான், குழந்தை எடுத்துக் குடித்துவிடும். அப்படி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு வந்து நுரையீரலுக்குள் போனால் அது இன்னும் மோசம். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.